சூடுபட்டு இறுகும் எஃகு

கடினமாக்கிய எஃகை மீண்டும் காய்ச்சினால் கடினம் குறையும் என்பது கொல்லன் பட்டறை அறிந்த பாடம். அதற்கு விதிவிலக்கு மாரேஜிங் எஃகு.

1906-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆல்பிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியம் சூடாக்கிக் குளிரவைத்தபின் நாளடைவில் தானே இறுகுவதைக் கண்டார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அமெரிக்காவில் இன்கோ நிறுவன ஆய்வாளர்கள் அதே தத்துவத்தை இரும்பு-நிக்கல் கலவையில் நிலைநாட்டினர்.

அதில் நிக்கல் சுமார் 18 விழுக்காடு. கோபால்ட், மாலிப்டினம், டைட்டானியமும் உண்டு. கரியோ மிகமிகக் குறைவு. முதலில் அது கடைவதற்கு இணங்கும். பின்னர் 480 டிகிரி செல்சியசில் சுமார் 3 மணி நேரம் வைத்தால், நிக்கல் மற்ற உலோகங்களுடன் கூடி நுண்துகள்களாகிறது. அணு அடுக்குகள் வழுக்காதபடி அவை தடுப்பதால் எஃகு இறுகுகிறது.

1982-இல் ரோம் உலக வாள்வீச்சுப் போட்டியில், எதிராளியின் முறிந்த வாள் முகக்கவசத்தைத் துளைத்ததில் சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அதன்பின் முகக்கவசங்கள் வலுவாக்கப்பட்டன. அனைத்துலகப் போட்டிகளின் ஃபாயில், எப்பே வகை வாள்களுக்கு மாரேஜிங் எஃகு விதியானது. அதில் விரிசல் மெதுவாகவே பரவும்.

கடினம் மட்டுமே வலிமை அன்று. எளிதில் முறியாமையும் சேர்ந்தால்தான் அது உயிர் காக்கும்.