திறந்து வைத்த ஏடு

கணினி விளையாட்டுகள் ஈசல்போல் மடிவன என்பர். 1993 டிசம்பரில் அமெரிக்காவின் 'ஐடி சாஃப்ட்வேர்' வெளியிட்ட 'டூம்' அவ்வாறு மடியவில்லை. இயக்கும் பொறி ஒருபுறம், களங்களும் ஓவியங்களும் அடங்கிய கோப்பு மறுபுறம் எனப் பிரித்து அமைத்திருந்தமையால், மூலத்தைச் சிதைக்காமலே ரசிகர்கள் தம் களங்களைப் புனைந்தனர். 1997 டிசம்பரில் ஜான் கார்மாக் மூலநிரலையே வெளியிட்டார். (ஏட்டைப் படியெடுக்கக் கொடாது செல்லுக்கு இரையாக்கியோரை நாம் அறிவோம்.) அந்நிரலினின்று கிளைத்த பொறி ஒன்றைக் கொண்டு, 1998இல் ரசிகர் சிலர் 'சானிக் ரோபோ பிளாஸ்ட் 2' என்னும் ஆட்டத்தைத் தொடங்கினர். சானிக் ஜப்பானின் சேகா நிறுவனத்துப் பாத்திரம்; இவர்கள் ஆட்டமோ விலையின்றி வழங்கப்பெற்றது. ஊதியமில்லாப் பணியில் ஆள் நிலைப்பது அரிது. தொடங்கியோர் பலர் விலகினர். நிரல் திறந்திருந்தமையால், விட்ட இடத்திலிருந்து பின்வந்தோர் தொடர்ந்தனர். 2019 டிசம்பரில் 2.2ஆம் பதிப்பு வெளிவந்தபோது அவ்வாட்டத்துக்கு 21 வயது.