முடியாத இரண்டு சிம்பொனிகளும் வின் மொரிஸும்

கொண்டக்டர் எண்டால் எங்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வாறது பஸ்ஸில் மிச்சக்காசு தர மறக்கிறவர்தான். ஒர்க்கெஸ்ட்ராவுக்கும் ஒரு கொண்டக்டர் இருக்கிறார். மேடையில் நிற்கிற எல்லாருக்கும் கையில் வாத்தியம் இருக்கும், இவருக்கு ஒரு சின்னக் குச்சி மட்டும்தான். அவர் வாசிக்கிறது மனிதர்களை. அந்த மனிதர்கள் நிரந்தரமாகக் கிடைக்காவிட்டால் பெரிய திறமைக்குக்கூட என்ன நடக்கும்? அதற்கு வேல்ஸ்காரரான வின் மொரிஸின் கதையைச் சொல்லலாம்.

1929இல் பிறந்தவர். தகப்பன் ஹேடன் மொரிஸும் இசையமைப்பாளர். ஹேடன், ஹாண்டெல் எண்டு இசைமேதைகளின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் வேல்ஸில் உண்டு. சுரங்க ஊர்களிலும் தேவாலயங்களிலும் நாலு குரலில் கூட்டாகப் பாடி வளர்ந்த சமூகம் அது. பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரிய ஒர்க்கெஸ்ட்ராக்கள் லண்டனில் இருந்தன. மொரிஸ் லண்டனில் றோயல் அக்கடமியிலும் பிறகு சால்ஸ்பேர்க்கிலும் படித்தார். 1957இல் அமெரிக்காவின் ராங்கிள்வுட்டில் கூசெவிற்ஸ்கி நினைவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தக் கையோடு கிளீவ்லாந்துக்குப் போய், கண்டிப்புக்குப் பேர்போன ஜோர்ஜ் செல்லிடம் 1960 வரை தொழில் பழகினார்.

திரும்பி வந்தவரைப் பிடித்துக்கொண்டது மாலர். 60களில் மாலரின் இசை பிரிட்டனில் இப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. வேல்ஸ் இசைக்காகத் தொடங்கப்பட்ட 'டெலிஸ்' என்ற சின்ன இசைத்தட்டுக் கம்பனி மொரிஸை நம்பியது. ஜனெற் பேக்கரும் வேல்ஸ் பாடகர் கெரெய்ன்ற் எவன்ஸும் பாட, மாலரின் நாட்டார் பாடல் தொகுதி ஒன்று 1966இல் பதிவானது. இண்டைக்கும் ஆட்கள் தேடிக் கேட்கிற பதிவு அது.

இனித்தான் முக்கியமான இடம். மாலர் தன் பத்தாவது சிம்பொனியை 1910 கோடையில் எழுதத் தொடங்கி, முடிக்காமலே 1911 மே மாதம் இறந்துபோனார். ஐந்து பகுதிகளுக்கும் எலும்புக்கூடு இருந்தது. முதல் இரண்டு பகுதிகளுக்கும் மூன்றாவதின் தொடக்கத்துக்கும் மட்டும்தான் சதையும் ஓரளவு இருந்தது. டெரிக் குக் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அந்தத் தாள்களை வைத்து, இசைக்கக்கூடிய ஒரு வடிவத்தை உருவாக்கினார். மாலரின் மனைவி அல்மா முதலில் தடை போட்டு, பிறகு 1963இல் அனுமதி கொடுத்தார். குக் பிறகு அதைத் திருத்தினார். திருத்திய வடிவத்தை 1972 ஒக்டோபரில் லண்டனில் முதன்முதலாக நடத்தியவர் மொரிஸ். நியூ பில்ஹார்மோனியா ஒர்க்கெஸ்ட்ராவோடு அதை முதலில் இசைத்தட்டாக்கியவரும் அவர்தான்.

அடுத்தவர் எழுதி முடிக்காததை நாங்கள் முடிக்கலாமா? அப்ப இருந்து இண்டைக்கு வரைக்கும் தீராத சண்டை இது. சில பெரிய கொண்டக்டர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. குக் இதை 'முடித்த சிம்பொனி' எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. மாலர் விட்டுப்போன இடத்தைக் காதால் கேட்க வைக்கிற வடிவம் எண்டுதான் சொன்னார். மொரிஸ் அதை நம்பினார்.

இவ்வளவு செய்தவருக்கு ஒரு பெரிய ஒர்க்கெஸ்ட்ராவின் தலைமைப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. கோபக்காரர், விட்டுக்கொடுக்கத் தெரியாதவர் என்ற பேர் அவருக்கு இருந்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் போன்ற பேர்பெற்ற பாடகர் குழுக்களை நடத்தினார், அவையும் நிலைக்கவில்லை. கடைசியில், லண்டனின் நல்ல வாத்தியக்காரரைக் கூட்டி 'சிம்பொனிக்கா ஒவ் லண்டன்' எண்டு தானே ஒன்றைத் தொடங்கினார். அதோடு மாலரின் பிரமாண்டமான எட்டாவது சிம்பொனியைக்கூடப் பதிவு செய்தார். ஆனால் தேவைக்கு மட்டும் கூடுகிற குழு வேறு, வருசம் முழுக்க ஒன்றாக மூச்சுவிடுகிற ஒர்க்கெஸ்ட்ரா வேறு. எழுத்தாளனைப் பதிப்பகம் கைவிட்டாலும் அவன் தனிய இருந்து எழுதலாம். கொண்டக்டருக்கு அந்த வசதி இல்லை.

1988இல் இன்னொரு பத்தாவது சிம்பொனி அவரைத் தேடி வந்தது. பீத்தோவன் குறிப்புகளாக விட்டுப்போன ஒன்றின் முதலாம் பகுதியை பரி கூப்பர் என்ற ஆய்வாளர் கட்டியெழுப்பியிருந்தார். லண்டன் சிம்பொனி ஒர்க்கெஸ்ட்ராவோடு மொரிஸ் அதையும் பதிவு செய்தார். செத்துப்போன இரண்டு பேர் பாதியில் விட்ட வேலைகள் ஒரே ஆளின் கையில் வந்து சேர்ந்தன. அவருடைய சொந்த வாழ்க்கையும் அப்படிப் பாதியில் நின்றதுதான். 2010இல், 81 வயதில் காலமானார்.

அவருடைய பிடிவாதத்துக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. கூட வேலை செய்தவர்களுக்கு அது எவ்வளவு கஸ்டமாக இருந்திருக்கும் எண்டும் யோசிக்கத்தான் வேணும். ஆனால் பதவிப் பட்டியலை மட்டும் பார்த்து ஒரு கலைஞனை அளந்தால் மொரிஸ் எங்கட கண்ணில் படவே மாட்டார்.

நேரம் கிடைத்தால் அந்த 1972 பதிவைத் தேடிக் கேளுங்கோ. நாலாவது பகுதி முடிகிற இடத்தில் ஒரு பெரிய மேளம், சத்தம் அமுக்கி, ஒரே ஒரு அடி அடிக்கும். நியூயோர்க்கில் ஒரு தீயணைப்பு வீரரின் இறுதி ஊர்வலத்தில் மாலர் கேட்ட மேளம் அது எண்டு அல்மா எழுதியிருக்கிறார். அடிக்குப் பிறகு வருகிற அமைதியையும் சேர்த்துக் கேளுங்கோ.