சாமியார் இல்லாத கோயில்கள்

முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவத்தைப் பற்றி வெகுநாளாக ஒரு பேச்சு உண்டு. பரதவர்கள் பறங்கியரின் பீரங்கிக்காக வேதத்தில் சேர்ந்தார்களே ஒழிய, வேதத்துக்காக அல்ல என்பது அந்தப் பேச்சு. அதை அடியோடு மறுக்க முடியாது. 1530களில் முத்துப் பார்களின் உரிமையை ஒட்டி முஸ்லிம் வணிகர்களோடு மூண்ட சண்டை கைமீறியபோது பரதவரின் தூதுக்குழு கொச்சிக்குப் போனது. 1537க்குள் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538இல் வேதாளையில் போர்ச்சுக்கீசியர் மரைக்காயர்களின் கப்பற்படையை முறியடித்தார்கள். கொடுக்கல் வாங்கலை யாரும் மறைக்கவில்லை. ஆனால் சேர்ந்த காரணத்தை வைத்தே நிலைத்த காரணத்தையும் முடிவுகட்டிவிடக் கூடாது. பாதுகாப்புக்காக மட்டும் வந்த கூட்டம், பாதுகாப்பு போன அன்றே கலைந்திருக்க வேண்டும்.

அந்தப் பாதுகாப்பும் தொடக்கத்திலிருந்தே ஓட்டைதான். 1544 ஜூனில் வடுகப் படை குமரிமுனைப் பரதவர்கள்மேல் பாய்ந்தது. கடலுக்குள் நின்ற பாறைகளில் ஏறி ஒளிந்தவர்கள் சோறும் தண்ணீரும் இல்லாமல் மடிந்தார்கள். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு உதவிக்குக் கிளம்பிய சேசு சபைச் சாமியார் சவேரியார் எதிர்காற்றில் கரை சேர முடியாமல் திரும்பி, பிறகு நடந்தே போனார். 1549இல் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி சாமியார் கொல்லப்பட்டார். 1553இல் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருக்கும் புன்னைக்காயலே எதிரிகள் கையில் விழுந்தது, என்ரிக்கஸ் சாமியார் சிறைப்பட்டார். இத்தனைக்கும் நடுவில் சவேரியார் செய்துவைத்த ஏற்பாடு ஒன்று சத்தமில்லாமல் வேர்விட்டது. விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், பத்துக் கற்பனை ஆகியவற்றைத் தமிழில் மனப்பாடம் செய்வித்து, ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தி, பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டார். சாமியார்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்ததால் வேறு வழியும் இல்லை. என்ரிக்கஸ் அரை நூற்றாண்டு இந்தக் கரையிலேயே கிடந்து, 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’, 1586இல் ‘அடியார் வரலாறு’ என்று தமிழிலேயே அச்சிட்டுக் கொடுத்தார். வழிபாடு ஊராரின் நாக்கில் ஏறிவிட்டது.

உண்மையான சோதனை 1658இல் வந்தது. ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், போர்ச்சுக்கீசியர் போனார்கள். கோயில்கள் பண்டகசாலைகளாகவும் கம்பெனி ஆட்களின் குடியிருப்புகளாகவும் ஆயின. சாமியார்களுக்கு ஊருக்குள் இடமில்லை. சீர்திருத்தச் சபைப் போதகர் பால்டேயுஸ் பரதவர்களிடம் பிரசங்கித்துப் பார்த்துப் பலனின்றித் திரும்பினார். ஆதாயக் கணக்கு மட்டுமே பார்க்கும் சாதி என்றால் இதைவிட நல்ல தருணம் ஏது? புதிய துரைமாரின் சபைக்கு மாறியிருந்தால் கோயிலும் கிடைத்திருக்கும், ஆதாயமும் கிடைத்திருக்கும். அவர்கள் ஊருக்கு வெளியே காட்டுக்குள் ஓலைக்கொட்டகை போட்டுப் பூசை கண்டார்கள். பிரெஞ்சு சேசு சபைச் சாமியார் பீட்டர் மார்ட்டின் 1700ஐ ஒட்டி எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. மதம் மாறச் சொன்ன போதகரிடம், சவேரியார் இந்தக் கரையில் ஐந்தாறு செத்தவர்களை எழுப்பினார், நீங்கள் ஒரு டஜன் பேரை எழுப்பிக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றாராம் சாதித்தலைவர். அற்புதக் கணக்கை விட்டுவிடலாம். அந்தப் பதிலில் உள்ள குசும்பு பயந்தவர்களுடையது அல்ல. பதில் சொன்னவர் சாமியாரும் அல்ல.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது பலமானது. ஒல்லாந்தருக்கு முத்துக்குளிப்பவன் வேண்டும். பரதவன் தோணியை இழுத்துக்கொண்டு வேறு ஊர் போய்விட்டால் முத்துச் சலாபம் நடக்காது. மேலும் கம்பெனியின் அதிகாரம் தூத்துக்குடிப் பண்டகசாலையைச் சுற்றித்தான். ஏரல், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றோரத்து உள்நாடு முழுவதும் மதுரை நாயக்கருடையது. ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் சாமியாரைத் தொட ஆளில்லை. ஆகவே இது பேரம் பேசும் பலம், விசுவாசம் அல்ல என்பார்கள். பேரம் பேசும் பலம், ஒல்லாந்தர் ஏன் அடித்து நொறுக்கவில்லை என்பதை விளக்கும். பரதவர்கள் ஏன் மாறவில்லை என்பதை விளக்காது. எதிர்க்கரையான இலங்கையில் அதே ஒல்லாந்தர் 1658இலேயே சாமியாருக்கு இடம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று அறிவித்தார்கள். அங்கே பலர் பெயருக்குச் சீர்திருத்தச் சபையில் எழுதிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் 1687இல் கத்தோலிக்கச் சாமியார் ஜோசப் வாஸ் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது, அவரை ஒளித்துவைத்துப் பூசை காண வீடுகள் இருந்தன.

இன்னொரு மறுப்பு சாதியைப் பற்றியது. கடற்கரையில் நிலைத்தது கிறிஸ்தவம் அல்ல, பரதவர் என்னும் சாதிக் கட்டுத்தான். தூத்துக்குடிப் பனிமய மாதா அந்தச் சாதியின் கொடி என்று சூசன் பெய்லி போன்ற வரலாற்றாசிரியர்களின் எழுத்திலிருந்து வாதிடலாம். பாதி சரி. சாதித்தலைவரின் பெருமையும் மாதாவின் பெருமையும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடந்தன, மாதாவின் 1806ஆம் ஆண்டுத் தங்கத்தேர் அதற்குச் சாட்சி. கட்டுக்கோப்பைக் காப்பாற்றிய அதே கை, மற்றச் சாதிக் கிறிஸ்தவரை எட்ட நிறுத்தவும் செய்தது. அதைப் பூசி மெழுகுவதில் பயனில்லை. ஆனால் முத்தும் சாதித்தலைவரும் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

ஏரலுக்குத் தெற்கே தேரிக்காட்டில் பனையேறிப் பிழைத்த நாடார்கள் 1790களின் கடைசியில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தில் சேர்ந்தபோது அடியும் உதையும் வாங்கினார்கள். அவர்களிடம் பேரம் பேச முத்து இல்லை. உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1799இல் நிலம் வாங்கி, விரட்டப்பட்டவர்களைக் குடியேற்றிய ஊர்தான் முதலூர். அதற்குப் பிறகும் துன்பம் ஓயவில்லை. 1806 தொட்டுப் பத்து ஆண்டுகள் ஐரோப்பிய மிஷனெரி ஒருவரும் இங்கே தங்கவில்லை. 1816இல் பாளையங்கோட்டைக்குப் படைக்குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் சபை அழிந்திருக்கும் என்று எண்ணியிருந்தாலும் தவறில்லை. அவர் எண்ணிப் பார்த்தபோது, இரண்டே நாட்டுக் குருமார்களின் பொறுப்பிலும் உபதேசியார்களின் கையிலும், 60க்கு மேற்பட்ட ஊர்களில் 3,000க்கும் அதிகமானோர் இருந்தார்கள்.