கம்பெனிச் சுவரில் தொழிலாளியின் கை: அப்பலாச்சிய நிலக்கரி ஊர்ப் படங்கள், 1908–1946

கிராண்டல் ஷிஃப்லெட்டின் ‘கோல் டவுன்ஸ்’ 1991இல் வெளிவந்தது. தென் அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரிக் கம்பெனிகள் கட்டிய ஊர்களைப் பற்றி இன்று எழுதும் எவரும் அந்நூலைத் தாண்டிப் போக முடியாது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் டேவிட் கார்பினும் ரொனால்டு எல்லரும் எழுதிய வரலாறுகளில் கம்பெனி ஊர் ஒடுக்குமுறையின் களமாகவே வருகிறது. வீடு, கடை, பள்ளி, தேவாலயம், காவல் என்று எல்லாம் ஒரே முதலாளியின் கையில் இருந்ததை அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். ஷிஃப்லெட் இதை மறுத்தார். இவ்வூர்களை அங்கு குடிவந்தவர்கள் விட்டுவந்த வாழ்க்கையோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது அவர் வாதம். தலைமுறைதோறும் பாகம் பிரிந்து சுருங்கிய மலை நிலம், பெரிய குடும்பம், கையில் காசு புழங்காத வேளாண்மை ஆகியவற்றிலிருந்து வந்தவர்களுக்குக் கம்பெனி வீடு ஒரு படி மேலான வாழ்வு. முதிய சுரங்கத் தொழிலாளர்களின் வாய்மொழிச் சான்றுகளில் தெரியும் மனநிறைவை ஏமாற்று என்று தள்ளிவிடக் கூடாது என்றார் அவர்.

இந்த ஒப்பீட்டில் நியாயம் உண்டு. அதை மறுக்க நான் வரவில்லை. அந்த மனநிறைவை எதன்மீது ஏற்றிப் படிப்பது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வேறுபாடு. வாய்மொழிச் சான்றுகளில் பெரும்பகுதி, சுரங்கங்கள் ஓய்ந்து ஊர்கள் கலைந்த பிறகு பதிவானவை. வாழ்வின் ஒட்டுமொத்த நிறத்தை அவை சொல்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட அறையில், சுவரில் என்ன இருந்தது என்பதை அவை சொல்வது அரிது. அதைப் புகைப்படங்கள் சொல்கின்றன, எடுத்தவர் சொல்ல நினைக்காதபோதும்கூட. படத்தில் எந்தப் பரப்பு யாருக்குச் சொந்தம், அதன்மேல் யாருடைய கை பட்டிருக்கிறது என்ற இரு கேள்விகளோடு பார்த்தால், மனநிறைவா துயரமா என்ற பழைய வழக்கு வேறு வடிவம் எடுக்கிறது.

முதலில் கம்பெனிகளே எடுப்பித்த படங்கள். கன்சாலிடேஷன் நிலக்கரிக் கம்பெனி 1911 தொடங்கிக் கிழக்குக் கென்டக்கியில் ஜென்கின்ஸ் என்ற ஊரையே புதிதாக எழுப்பியது. அக்கம்பெனியின் பெருந்தொகைப் படங்கள் இப்போது ஸ்மித்சோனியனில் உள்ளன. வரிசை வீடுகள், வேலி, தோட்டம், கடை, மருத்துவமனை, மின்நிலையம் என அவற்றில் ஊர் முழுவதும் இருக்கிறது. ஆனால், நான் பார்த்த அளவில், தொழிலாளியின் வீட்டு வாசலோடு அந்தக் கேமரா பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கடைக்குள்ளும் மின்நிலையத்துக்குள்ளும் தாராளமாக நுழைந்த கேமரா அது. இதை மறைப்பு என்று சொல்ல மாட்டேன். கம்பெனி தனக்குச் சொந்தமானதைப் படமெடுத்துக்கொண்டது, அவ்வளவே. வெளிச்சுவரும் அதன் வண்ணமும் கம்பெனியுடையவை. உள்ளே இருந்ததில் கம்பெனிக்குக் காட்ட எதுவும் இல்லை. ஷிஃப்லெட் சொல்லும் நற்காலம் இந்தப் படங்களோடு இசைந்துபோவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இவற்றுக்குச் சில ஆண்டுகள் முந்தியது லூயிஸ் ஹைனின் படம். தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக 1908 செப்டம்பரில் அவர் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கங்களுக்குள் இறங்கினார். ஒரு படத்தில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒரு மரக்கதவுக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறான். நாளுக்கு 75 சென்ட் கூலி, 10 மணி நேர வேலை. கதவைத் திறந்து மூடுவது மட்டுமே அவன் வேலை, மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கிறான் என்று ஹைனின் குறிப்பு சொல்கிறது. அதே குறிப்பின் இறுதியில் ஒரு தகவல் வருகிறது: கதவில் இருந்த கிறுக்கல்கள் சுரங்க இருட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணாடித் தகட்டைக் கழுவி எடுத்த பிறகுதான் தெரிந்தன.

இந்தப் படத்தைக் குழந்தை உழைப்பின் கொடுமைக்குச் சான்றாக எல்லோரும் காட்டுகிறார்கள், அது சரியே. ஆனால் குறிப்பு இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. அந்தக் கதவு சுரங்கத்தின் மூச்சு. காற்றை எந்தப் பாதையில் திருப்புவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். திறந்தபடி விட்டால் உள்ளே காற்றோட்டம் குலைந்து மீத்தேன் தங்கும். அதற்கு முந்தைய ஆண்டு, 1907 டிசம்பர் 6 அன்று, அதே மாநிலத்தின் மோனங்கா சுரங்க வெடிப்பில் அதிகாரபூர்வக் கணக்கிலேயே 362 பேர் இறந்திருந்தார்கள். கதவருகே இருந்த சிறுவன் ‘சும்மா’ இருக்கவில்லை. பலர் உயிருக்குக் காவலாக இருந்தான். இரண்டாவது, அந்தக் கிறுக்கல்கள். வெளிச்சத்தில் பார்த்து வரைந்தவை அல்ல அவை. தொப்பி விளக்கின் சிறு சுடரில் கதவில் இடப்பட்டவை. அவற்றை இந்தச் சிறுவனே வரைந்தானா, அவனுக்கு முன் அங்கு இருந்தவர்களா, வண்டி ஓட்டிப் போனவர்களா என்பதைப் படத்திலிருந்து பிரித்தறிய முடியாது. ஒன்று மட்டும் உறுதி: கதவு கம்பெனியுடையது, கோடுகள் தொழிலாளருடையவை. ஹைனின் மக்னீசியத் தூள் பற்றியெரிந்த ஒரு கணத்தில் அந்தக் கோடுகள் தகட்டில் ஏறிக்கொண்டன.

வீட்டுக்கு வருவோம். கம்பெனி வீட்டில் குடியிருந்தவர் சட்டத்தின் கண்ணில் வாடகைதாரர் அல்ல. வாடகை கூலியில் பிடிக்கப்படும். வேலை போனால் வீடும் போகும். மேற்கு வர்ஜீனிய நீதிமன்றங்கள் இந்த உறவை வீட்டுக்காரர்–குடித்தனக்காரர் உறவாகக் கொள்ளாமல் முதலாளி–வேலையாள் உறவாகவே கொண்டன. 1912இல் தொடங்கிய பெயின்ட் க்ரீக் வேலைநிறுத்தத்தின்போது வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் ஹாலி குரோவ் கூடாரங்களில் தங்கின. 1920 மே 19 அன்று மேட்வானில் கம்பெனி அமர்த்திய பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் தனியார் துப்பறிவாளர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டை, அன்று அவர்கள் தொழிலாளர் குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றி முடித்ததன் தொடர்ச்சி. சாலையோரத்தில் குவிந்த கட்டில், அடுப்பு, நாற்காலி என்று அக்காலப் படங்கள் நிறைய உண்டு. ஒரு குடும்பம் தன் வீட்டிலிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டு வர முடிந்தது என்பதற்கு அவையே முழுப் பட்டியல். சுவரும் தரையும் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் வாக்கர் எவன்ஸின் படத்தைப் படிக்க வேண்டும். மோர்கன்டவுன் அருகில் உள்ள ஸ்காட்ஸ் ரன் பள்ளத்தாக்கு முதல் உலகப் போர்க்கால நிலக்கரித் தேவையில் கொழித்து, 1930களின் தொடக்கத்தில் அடியோடு வீழ்ந்தது. எலினார் ரூஸ்வெல்ட் 1933இல் அங்கு வந்துபோன பிறகு, அங்குள்ள குடும்பங்களைக் குடியேற்ற ஆர்தர்டேல் என்ற புது ஊரை அரசு எழுப்பியது. 1935 கோடையில் அரசுப் பணியாக எவன்ஸ் இந்தப் பகுதிக்கு வந்தார். ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டின் உட்புறத்தை எடுத்தார்: வளைந்த மரச்சட்ட நாற்காலி, சுவரில் விளம்பர அட்டைகள், அவற்றில் கோக்கோ கோலா ஏந்திய கிறிஸ்துமஸ் தாத்தா, பட்டமளிப்பு உடையில் இளைஞர்கள். 1938இல் வெளிவந்த ‘அமெரிக்கன் ஃபோட்டோகிராஃப்ஸ்’ நூலில் இந்தப் படம் இடம்பெற்றது. அதில் ஆள் இல்லை. நாற்காலி காலியாக இருக்கிறது.

அதே அறையில் எடுத்த இன்னொரு படம் உண்டு. அதில் வெறுங்காலுடன் ஒரு சிறுவன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஆளில்லாத படத்தின் பொருள் எப்படி உண்டானது என்பது தெரிகிறது. ஆளில்லாத அறையில் கண் நேரே விளம்பரத்துக்குப் போகிறது. செல்வத்தின் சிரிப்பு வறுமையின் சுவரில் தொங்குகிறது என்ற முரண்நகைதான் அப்போது தோன்றும். இப்படத்தைப் பற்றி வழக்கமாக எழுதப்படுவதும் அதுவே. சிறுவன் இருக்கும் படத்தில் அதே அட்டைகள் பின்னணிக்குப் போய்விடுகின்றன. அவை அந்தப் பையன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர், அவன் வீட்டுச் சுவர். யாரோ ஒருவர் அவற்றைத் தேடி வாங்கி, அளவு பார்த்து, இடம் தேர்ந்து வைத்திருக்கிறார். இந்த இரண்டில் எது முதலில் எடுக்கப்பட்டது என்பது தீராத கேள்வி. பையனை எழுந்து போகச் சொன்னாரா, காலி அறையை எடுத்த பிறகு உட்காரச் சொன்னாரா என்பதைப் பொறுத்து எவன்ஸின் நோக்கத்தைப் பற்றி நாம் சொல்வது மாறும். சுவரைப் பற்றிச் சொல்வது மாறாது.

சுவரின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். கோக்கோ கோலா கம்பெனி கிறிஸ்துமஸ் தாத்தாவை இந்தச் சாயலில் விளம்பரத்துக்குக் கொண்டுவந்தது 1930, 1931 வாக்கில். எவன்ஸ் வந்தது கோடையில். ஆகவே அந்த அட்டை 1934 டிசம்பருக்குப் பிந்தியதாக இருக்க வழியில்லை. 1930க்கு முந்தியதாகவும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அநேகமாக, குறைந்தது ஒரு குளிர்காலத்தின் கடைசிப் பகுதியும் ஒரு வசந்தமும் அது அங்கே இருந்திருக்கும். பண்டிகை போய் ஆறு மாதம் ஆன பிறகும் எடுக்காத அலங்காரத்தை வெறும் அலங்காரம் என்று கொள்ள முடியாது. பலகைகளை நெட்டாக நிறுத்தி, இடுக்குகளை மெல்லிய சட்டத்தால் மூடிக் கட்டிய வீடுகள் இப்பகுதியில் மிகுதி. உள்ளே இரண்டாம் சுவர் கிடையாது. மரம் காய்ந்து சுருங்கினால் காற்று நேரே அறைக்குள் வரும். தடித்த அட்டை அதைத் தடுக்கும். அட்டை எங்கிருந்து வந்தது? கடையின் காட்சிப் பலகையிலிருந்து என்பதே என் ஊகம், அநேகமாகக் கம்பெனிக் கடையிலிருந்து. கம்பெனி அச்சிட்ட ஸ்கிரிப் காசு செல்லுபடியாகும் அந்தக் கடையில், காசில்லாமல் கிடைத்த பொருள் ஒருவேளை அது ஒன்றுதான். இதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய விளம்பர அட்டைகள் ஒரு பள்ளத்தாக்கு வீட்டுக்கு வந்து சேர வேறு வழி எளிதில் தோன்றவில்லை.

இங்கே ஷிஃப்லெட்டின் வாதத்தை அவர் சார்பிலேயே வலுவாக வைக்க வேண்டும். சுவரில் தாள் ஒட்டுவது கம்பெனி ஊரில் பிறந்த பழக்கம் அல்ல. சொந்த நிலத்தில் சொந்தக் குடிசையில் வாழ்ந்த மலைக் குடும்பங்களும் மாவுப் பசை காய்ச்சிச் செய்தித்தாளும் பத்திரிகைத் தாளும் ஒட்டினார்கள். அது பெரும்பாலும் பெண்களின் வேலை. அப்படியானால் இது மலையிலிருந்து கூடவே வந்த வழக்கம்தானே, இதில் கம்பெனி உடைமைக்கு என்ன பங்கு என்று அவர் கேட்கலாம். பிரைஸ் ஃபிஷ்பாக் போன்ற பொருளியல் வரலாற்றாசிரியர்கள் இன்னொன்றையும் காட்டியிருக்கிறார்கள்: தொழிலாளர்கள் நல்ல கூலி தேடிச் சுரங்கம் விட்டுச் சுரங்கம் அடிக்கடி மாறினார்கள். துரத்தப்பட்டதால் மட்டும் அல்ல, தாமாகவே போகும் எண்ணத்தாலும் வீட்டில் முதலிடாமல் இருந்திருக்கலாம்.

இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: பழக்கம் பழையது, அதன் பொருள் புதியது. சொந்தக் குடிசையில் தாள் ஒட்டியவள் அடுத்த ஆண்டு ஒரு பலகை வைத்து அறையை இழுத்துக் கட்டலாம், வாசலில் திண்ணை போடலாம். தாள் அவளுக்குத் தொடக்கம். கம்பெனி வீட்டில் தாள்தான் எல்லை. அதற்கு மேல் செய்யும் எதுவும், ஆணி அடித்த அன்றே, கம்பெனியின் சொத்து. மனநிறைவு இருந்தது என்று ஷிஃப்லெட் சொல்லும்போது அவர் சரியாகவே கேட்கிறார். ஆனால் அது கம்பெனி தந்ததில் கண்ட நிறைவு என்று அவர் எழுதும் இடங்களில், குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், தங்கள் கையால் உண்டாக்கிக்கொண்டதைக் கம்பெனியின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார். இது சிறு பிழை அல்ல. அந்தச் சுவரை ஒட்டியவர்களுக்கு நாம் தரவேண்டிய மரியாதை இதில் அடங்கியிருக்கிறது.

எவன்ஸ் வந்து மூன்றாண்டு கழித்து, 1938 செப்டம்பரில், மேரியன் போஸ்ட் வால்காட் அதே ஸ்காட்ஸ் ரன்னில் பர்ஸ்குளோவ் என்ற இடத்தில் எடுத்த படம் இந்த எல்லைக்கு வெளிப்புறச் சான்று. விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போகிறது ஒரு குழந்தை. பின்னால் கம்பெனி வீடுகள். அவற்றுக்கும் பின்னால் நிலக்கரியைச் சலித்து ரயில் பெட்டியில் கொட்டும் பெரிய டிப்பிள் கட்டடம். இயந்திரங்கள் ஓடும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வீட்டு விளக்கு எண்ணெயில் எரிந்தது.

1946 மே மாதம் அரசு சுரங்கங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உள்துறைச் செயலர் ஜூலியஸ் க்ரூகும் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸும் செய்த ஒப்பந்தப்படி, கடற்படை மருத்துவ அதிகாரி ஜோயல் பூன் தலைமையில் மருத்துவ ஆய்வு நடந்தது. அறிக்கை 1947இல் வந்தது. அதற்காக ரஸ்ஸல் லீ எடுத்த படங்களில்தான் கேமரா முறையாக வீட்டுக்குள் நுழைகிறது. கென்டக்கியின் பெல் கவுன்டியில் ஒரு சமையலறை: பாட்டி, அருகில் இரண்டு பேரக்குழந்தைகள். மூன்று அறை வீடு. கணவன் மனைவியோடு ஆறு பிள்ளைகளும் ஆறு பேரக்குழந்தைகளும் அதில் வாழ்ந்தார்கள். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை என்று குறிப்பு சொல்கிறது. லீயின் குறிப்புகளில் கம்பெனியின் பெயரும் சுரங்கத்தின் பெயரும் தவறாமல் வரும். ஹைனின் குறிப்பு கூலியைச் சொன்னது. லீயின் குறிப்பு வீடு யாருடையது என்பதையும் சொல்கிறது. அதே ஆய்வில் கென்டக்கியின் வீல்ரைட், மேற்கு வர்ஜீனியாவின் கோப்பர்ஸ்டன் போன்ற நன்கு பேணப்பட்ட ஊர்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஷிஃப்லெட்டுக்கு அவை துணை நிற்கும். ஆனால் பெல் கவுன்டிக்கும் வீல்ரைட்டுக்கும் இடையிலான தூரம் எங்கே தீர்மானிக்கப்பட்டது என்று கேட்டால், இரண்டிலும் விடை ஒன்றே: கம்பெனி அலுவலகத்தில்.

என் வாதத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல கம்பெனிகள் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றன. உடைமைதான் தடை என்றால், விற்பனைக்குப் பின் சுவர் மாற வேண்டும். மாறியது. ஒரே அச்சில் வார்த்த வரிசைகளில் ஒரு வீட்டுக்குக் கூடுதல் அறை வந்தது, இன்னொன்றுக்கு மூடிய திண்ணை, வேறொன்றுக்குப் புதிய வெளிப்பூச்சும் வேறு வண்ணமும். இத்தனைக்கும் அது சுரங்கங்களில் இயந்திரம் புகுந்து வேலைகள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்த காலம். கையில் பணம் பெருகியதால் வந்த மாற்றம் என்று இதை விளக்க முடியாது. ஷிஃப்லெட்டின் நூல் 1960 வரை வருகிறது; இந்த மாற்றத்தின் தொடக்கம் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. விற்பனை நடந்த ஆண்டு ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. ஒவ்வோர் ஊரின் பத்திரப் பதிவையும் அவ்வூர்க் குடும்பங்களின் சொந்தப் படத் தொகுப்புகளையும் ஆண்டுவாரியாக இணைத்துப் பார்ப்பதே அடுத்து நடக்கவேண்டிய வேலை.