புதன்கிழமைச் சந்தை

ஆற்காட்டுக் கோட்டையை 1751-ல் பிடித்த ராபர்ட் க்ளைவைத் தெரியும் உங்களுக்கு. அவர் பள்ளிக்கூடம் போன ஊர்?

இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரில் உள்ள மார்க்கெட் டிரெய்ட்டன். சின்ன ஊர்தான். ஆனால், 1245-ல் மூன்றாம் ஹென்றி ராஜா அனுமதித்த புதன்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது! 1651-ல் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. அதன்பின் எழுந்த மரச்சட்ட வீடுகளை இப்போதும் பார்க்கலாம். ஜிஞ்சர் பிரெட்டுக்கும் பேர்போன ஊர். மாவில் ரம் கலப்பார்கள் (பொல்லாத ஆசாமிகள்!).

சிறுவன் க்ளைவ் சர்ச் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து ஊரையே பதறவைப்பானாம். கூட்டாளிகளோடு கடைகடையாகப் போய், 'காசு கொடு... இல்லாவிட்டால் ஜன்னல் கண்ணாடி போகும்' என்று மாமூல் வசூலித்ததாகவும் கதை உண்டு. 1743-ல் பையனை மெட்ராஸுக்குக் கப்பலேற்றினார் அப்பா. கடைக்காரர்கள் பிழைத்தார்கள்.

அடுத்து, வங்காள நவாப் மீர் ஜாபரின் முறை. 1757-ல் பிளாசிப் போர் முடிந்ததும், க்ளைவுக்கு மட்டும் அவர் கொடுத்தது 2,34,000 பவுன்!