ஐந்தாவது நாணயத்தின் விலை

சூதாட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வென்றவர்களையும் தோற்றவர்களையும் பற்றியே எழுதுகின்றனர். இயந்திரத்தில் இடப்படும் நாணயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. வீடியோ போக்கர் ஆட்டத்தின் கணக்கு அந்த வரலாற்றுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றது.

1891 இல் அமெரிக்காவின் புரூக்ளினில் சிட்மன் அன்ட் பிட் நிறுவனம் ஐந்து உருளைகள் கொண்ட போக்கர் இயந்திரமொன்றை உருவாக்கியது. ஐந்து சத நாணயத்தை இட்டு நெம்புகோலை இழுத்தால் உருளைகளில் பதித்த சீட்டுகள் சுழன்று நிற்கும். இயந்திரம் பணம் கொடுப்பதில்லை. வென்றவருக்கு மதுச்சாலைக்காரர் பியரோ சுருட்டோ கொடுப்பார். 52 சீட்டுகளுக்குப் பதிலாக 50 மட்டுமே அதில் இருந்தன. பெரும்பாலும் ஸ்பேட் பத்தும் ஹார்ட் ஜாக்கும் நீக்கப்பட்டிருந்தன. இதனால் ரோயல் ஃபிளஷ் கிடைக்கும் வாய்ப்புப் பாதியாகக் குறைந்தது.

1979 இல் சை ரெட் என்பவரின் நிறுவனம் ‘டிரோ போக்கர்’ என்ற வீடியோ இயந்திரத்தை நெவாடாவின் கசினோக்களுக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனமே பின்னர் இன்டர்நேஷனல் கேம் டெக்னோலஜி எனப் பெயர்பெற்றது. நெவாடாவின் விதிகளின்படி திரையில் தோன்றும் சீட்டுகள் உண்மையான சீட்டுக்கட்டின் நிகழ்தகவுக்கு அமையவே விழவேண்டும். இனிச் சீட்டில் கைவைக்க இயலாது. எனவே கொடுப்பனவு அட்டவணையிலே கைவைத்தார்கள்.

‘ஜாக்ஸ் ஓர் பெட்டர்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். காற்பங்கு டொலர் நாணயமொன்றை இட்டு ரோயல் ஃபிளஷ் பெற்றால் 250 நாணயங்கள், அதாவது 62.50 டொலர் கிடைக்கும். நான்கு இட்டால் 1,000 நாணயங்கள். ஐந்து இட்டாலோ 1,250 அல்ல, 4,000 நாணயங்கள், 1,000 டொலர்! ஐந்தாவது நாணயத்தை இடத் தூண்டும் இரை இதுவே. ஃபுல் ஹவுசுக்கு 9, ஃபிளஷுக்கு 6 எனக் கொடுக்கும் இயந்திரத்தில் பிழையின்றி ஆடுபவருக்கு ஐந்து நாணயப் பந்தயத்தில் 99.54 சதவீதம் திரும்பி வரும். குறைவாக இட்டால் ஏறத்தாழ 98.37 சதவீதமே வரும்.

ஐந்து நாணயம் இடப் பணமில்லையெனில் சிறிய நாணய இயந்திரத்துக்குச் செல்லுங்கள் என்ற அறிவுரை இதிலிருந்தே பிறந்தது. ஐந்து சத நாணயங்கள் ஐந்தும் காற்பங்கு டொலர் ஒன்றும் ஒரே தொகைதானே? அட்டவணை ஒன்றாயிருந்தால் அறிவுரை சரியே. ஆனால் சிறிய நாணய இயந்திரங்களில் கொடுப்பனவு பெரும்பாலும் குறைவு. 9, 6 என்பன 8, 5 ஆக மாறினால், ஐந்து நாணயம் இட்டாலும் திரும்புவது 97.30 சதவீதந்தான்.

மணிக்கு 600 ஆட்டங்கள் ஆடுவதாகக் கொள்வோம். நல்ல அட்டவணையில் காற்பங்கு டொலர் ஒன்று மட்டும் இடுபவரின் சராசரி இழப்பு மணிக்குச் சுமார் 2.45 டொலர். தாழ்ந்த அட்டவணையில் ஐந்து சத நாணயங்கள் ஐந்தை இடுபவர் இழப்பது 4.05 டொலர். நல்ல அட்டவணையில் காற்பங்கு டொலர்கள் ஐந்தை இடுபவரின் இழப்பும் 3.45 டொலரை எட்டுகின்றது. சதவீதத்தில் அவரே கெட்டிக்காரர். பையிலிருந்து போவதோ ஒற்றை நாணயக்காரரைவிட அதிகம். அதுமட்டுமன்று, ரோயல் ஃபிளஷ் ஏறத்தாழ 40,000 ஆட்டங்களுக்கு ஒருமுறையே வருவது. அது வராத காலத்தில் அவர் மணிக்குப் பதினெட்டு டொலர் வரையில் இழந்துகொண்டிருப்பார்.

இன்று பெரும்பாலான கசினோக்களில் நாணயங்களின் ஓசை இல்லை. காகிதச் சீட்டுகள் வந்துவிட்டன. ஒரே திரையில் நாணய மதிப்பை மாற்றிக்கொள்ளலாம். மதிப்போடு அட்டவணையும் மாறுவதுண்டு. கையில் கனத்த நாணயம் குறைவதையாவது விரல்கள் உணர்ந்தன. திரையில் ஓடும் எண்ணுக்குக் கனமில்லை.

1891 இல் இரண்டு சீட்டுகளை மறைத்தார்கள். இப்போது எதையும் மறைப்பதில்லை. கணக்கு முழுவதும் திரையிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. அதை நின்று வாசிப்பவர்கள்தாம் குறைவு.