பாயாத ராக்கெட்

ஒரு கதையில் கதாநாயகனைப் படைப்பது சுலபம். நல்லவனாகவும் வல்லவனாகவும் இருந்துவிட்டால் போதும். வாசகர்கள் அவனுக்குப் பாயை விரித்து உட்கார வைத்துவிடுவார்கள். பெரிய வில்லனைப் படைப்பதும் அவ்வளவு கடினமன்று. கஷ்டமெல்லாம் சின்ன வில்லனிடந்தான். கதையின் நடுவில் வருவான், இரண்டு வார்த்தை பேசுவான், போய்விடுவான். புத்தகத்தை மூடிய பிறகு அவன் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அப்படி மறந்துபோயிருக்க வேண்டிய ஒருவனுடைய பொம்மை 2024-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 5,25,000 டாலருக்கு ஏலம் போயிற்று. நம் பணத்தில் 4 கோடி ரூபாய்க்கு மேல்! பொம்மையின் உயரமோ 3¾ அங்குலம். ஓர் ஆள்காட்டி விரலைவிடச் சற்றே பெரியது.

அந்தப் பொம்மைக்குரியவனின் பெயர் போபா ஃபெட். 1977-இல் வெளிவந்து உலகத்தையே ஓர் ஆட்டு ஆட்டிய 'ஸ்டார் வார்ஸ்' என்ற விண்வெளிக் கதைத் தொடரில் வரும் பாத்திரம். யாருடைய தலைக்காவது விலை வைத்தால், அவனைத் தேடிப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்குவது இவன் தொழில். 1980-இல் வந்த இரண்டாவது படத்தில் இவனுக்கு வசனம் நான்கே நான்கு. முகத்தைக்கூடக் காட்டுவதில்லை, தலைக்கவசத்துக்குள்ளேயே வந்து, தலைக்கவசத்தோடேயே போய்விடுகிறான்.

இவனுடைய சரித்திரத்தைச் சொல்லுமுன், இத்தகைய பொம்மைகளின் சரித்திரத்தைச் சற்றே பார்ப்போம். 1964-இல் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கக் கம்பெனி கை கால் மடங்கும் ராணுவ வீரன் பொம்மை ஒன்றைச் செய்தது. 'ஜி.ஐ. ஜோ' என்று பெயர். ஆனால், 'பொம்மை' என்று சொன்னால் ஆண்பிள்ளைகள் தொடமாட்டார்களே என்ற பயம் வியாபாரிகளுக்கு! ஆகவே 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். பெயரை மாற்றியதும் கூச்சம் பறந்துவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1987-இல் தொழில் தொடங்கிய ஃபன்ஸ்கூல் கம்பெனியும் இந்த ஜி.ஐ. ஜோ வீரர்களையும் அவர்களுடைய எதிரிகளையும் இந்தியாவிலேயே வார்த்து விற்றது. அந்த இந்தியப் பொம்மைகளை இன்றைக்கும் மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகளைச் செய்யும் உரிமை ஸின்ஸினாட்டி நகரத்துக் கென்னர் கம்பெனிக்குக் கிடைத்தது. கதையிலே விண்கலங்கள் அதிகம். ஜி.ஐ. ஜோவைப் போல் ஓரடி உயரத்தில் ஆளைச் செய்தால், அவன் ஏறிப் போகிற கலத்தை வீட்டுக் கூடத்துக்குள் வைக்க முடியுமா? ஆகவே ஆளைச் சுருக்கினார்கள். 1977 கிறிஸ்துமஸுக்குள் பொம்மை தயாராகவில்லை. அதனால் என்ன? பொம்மை பின்னால் தபாலில் வரும் என்று உறுதி கூறும் சீட்டை ஓர் அட்டை உறையில் வைத்து விற்றார்கள். காற்றைக் காசாக்கிய இந்தச் சாமர்த்தியத்தை நம் ஊர்ச் சந்தை வியாபாரிகள் கேள்விப்பட்டால் எழுந்து நின்று கும்பிடுவார்கள்!

போபா ஃபெட்டின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். இரண்டாவது படம் வருவதற்கு முன்பே அவனைப் பிரசித்தப்படுத்திவிட்டார்கள். 1978 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஒரு சிற்றூர் ஊர்வலத்தில் நடந்தான். அதே ஆண்டு நவம்பரில் தொலைக்காட்சியில் கார்ட்டூன் உருவமாக வந்தான். பிறகு கென்னர் விளம்பரம் செய்தது: வேறு நான்கு பொம்மைகளை வாங்கி, அவற்றின் அட்டையிலுள்ள அடையாளத் துண்டுகளை அனுப்பினால், இன்னும் திரைக்கே வராத இந்த வில்லன் இலவசமாக வீடு தேடி வருவான். அதுமட்டுமா? அவன் முதுகிலுள்ள சிவப்பு ராக்கெட், விசையைத் தட்டினால் பாய்ந்து போகும்!

அந்த ராக்கெட்தான் கதையின் திருப்பம். 1978-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், மாட்டெல் என்ற மற்றொரு கம்பெனி செய்த வேறொரு விண்வெளிக் கதையின் கலத்தை வைத்து நாலு வயதுச் சிறுவன் ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தான். அதன் சின்னஞ்சிறு ஏவுகணை அவன் தொண்டைக்குள் பாய்ந்து அடைத்துக்கொண்டது. குழந்தை பிழைக்கவில்லை. நாடெங்கும் தாய்மார்கள் பதறினார்கள். மாட்டெல் அந்தச் சாமான்களைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்தது.

கென்னரின் பொம்மையால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனாலும் அவர்கள் ராக்கெட்டைப் பாயாதபடி முதுகோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள். விளம்பர அட்டையில் அச்சிட்டிருந்த வாக்குறுதியின்மேல் ஒட்டுக் காகிதம் ஏறியது. 1979-இல் பொம்மையை அனுப்பியபோது கூடவே ஒரு கடிதமும் வைத்தார்கள். பாதுகாப்பை உத்தேசித்து ராக்கெட் பாயும் அமைப்பை எடுத்துவிட்டோம். திருப்தியில்லையென்றால் பொம்மையைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். லாபக் கணக்குப் பார்க்கிறவர்கள் எழுதிய கடிதங்களில் இப்படிப்பட்டது அபூர்வம்.

இனி, பொம்மையைக் கையில் எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்த பொம்மைக்குச் சாம்பல் கலந்த நீல உடம்பு, பச்சைத் தலைக்கவசம், கவசத்தில் கறுப்பாக ஒரு கீற்று, அதற்குப் பின்னால் கண் இருப்பதாக நாமே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். கழுத்து திரும்பும், இரண்டு கைகளும் இரண்டு கால்களும் தோளிலும் இடுப்பிலும் அசையும். முழங்கால் மடங்காது. உட்கார வைத்தால் காலை நீட்டிக்கொண்டு, பந்தியில் இலைக்குக் காத்திருக்கும் சம்பந்தியைப் போல் உட்காருகிறான். வேலைப்பாடு என்று பார்த்தால், இதற்கு ஒரு சிறுவனின் கைச்செலவுப் பணமே சரியான விலை.

அப்படியானால் 4 கோடி எதற்கு? ஏலத்தில் போனது இந்தப் பொம்மையன்று. ராக்கெட்டை ஒட்டுமுன் கம்பெனிக்குள்ளே சோதனைக்காகச் செய்து பார்த்த மாதிரிகளில் ஒன்று. அவை எந்தக் கடைக்கும் வரவில்லை. எந்தக் குழந்தையும் அவற்றோடு விளையாடியதில்லை. அந்த விலைக்குக் காரணமே அதுதான்! மழலைக் கை படாத பொம்மைக்குக் கோடி. கை பட்டு, மூக்கு மழுங்கி, மண்ணில் புரண்ட பொம்மைக்குச் சில்லறை.

இதை நினைக்கும்போது நம் ஊர்ப் பக்கத்து வில்லன் ஒருவன் ஞாபகம் வருகிறது. திராட்சைக்குப் பேர்போன ஓடைப்பட்டியைச் சுற்றியுள்ள கம்பம் பள்ளத்தாக்கு ஜனங்களுக்குச் சூரனைத் தெரியாதா? ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறாம் நாள், திருச்செந்தூர் கடற்கரையிலும் மற்ற முருகன் கோயில்களிலும் சூரசம்ஹாரம் நடக்கிறது. சூரன் பொம்மை ஆடிக்கொண்டே வருகிறது. யானைத்தலை விழுந்தால் சிங்கத்தலை. சிங்கத்தலை விழுந்தால் சொந்தத்தலை. தலை மாற்றும் வித்தையை மேல்நாட்டார் கற்குமுன்பே நாம் கற்றுவிட்டோம்! அந்தச் சூரனைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்தால் அது சூரனா? ஆண்டுதோறும் அவன் வெளியே வர வேண்டும். குழந்தைகள் பயந்து அப்பாவின் தோளைக் கட்டிக்கொள்ள வேண்டும். வேல் பாய வேண்டும். அதோடு முடிந்ததா? தோற்றவனே மயிலாகவும் சேவலாகவும் முருகனோடு நின்றுவிடுகிறான். நடராஜர் காலடியிலுள்ள முயலகனும் அப்படித்தான். அவனை எடுத்துவிட்டால் ஆடுகிறவருக்கு ஊன்றக் காலிடம் ஏது? வில்லனை வென்ற பிறகு அவனுக்கும் ஓர் இடம் கொடுப்பது நம் மரபு.

அந்த இடம் போபா ஃபெட்டுக்கும் ஒருவாறு கிடைத்தது. 1983-இல் வந்த மூன்றாவது படத்தில், கண் சரியாகத் தெரியாத கதாநாயகத் தோழன் தற்செயலாக வீசிய கோல் இவன் முதுகில் பட்டு, பறக்கும் யந்திரம் தானே கிளம்பி, இவனை ஒரு பூதத்தின் வாய்க்குழியில் கொண்டுபோய்த் தள்ளியது. பொம்மையிலே பாயாத ராக்கெட்டுக்குச் சேர்த்து வைத்துப் படத்திலே பாய்ந்துவிட்டது போலும்! கதையை எழுதியவர்கள் அவனை அத்துடன் விட்டுவிட்டார்கள். ஆனால் அவனுடைய பொம்மையைக் கையில் பிடித்து வளர்ந்த பிள்ளைகள் விடவில்லை. நான்கு வசனம் பேசியவனுக்கு நானூறு வசனம் அவர்களே பேசிப் பார்த்திருந்தார்கள் அல்லவா? 2020-இல் அவன் குழியிலிருந்து பிழைத்தவனாகத் தொலைக்காட்சிக்குத் திரும்பி வந்தான். 2021 டிசம்பரில் அவன் பெயரிலேயே ஒரு தொடர் தொடங்கியது.

அவனை மீட்டது கண்ணாடிப் பெட்டியிலிருந்த கோடி ரூபாய்ப் பொம்மையன்று. முழங்கால் மடங்காத அந்த மலிவுப் பொம்மைதான்.

வீரபாண்டித் திருவிழாக் கடையில் குழந்தை கை நீட்டிக் கேட்கும் பொம்மையை வாங்குமுன், எது கழன்று வருகிறது, எது வாய்க்குள் போகும் என்று ஒருமுறை திருகிப் பாருங்கள். பிறகு தயங்காமல் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்; அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். அது உடைந்தால் உடையட்டும். ஏல வீட்டுக்காரருக்கு அதனால் நஷ்டமே தவிர, குழந்தைக்கு இல்லை.